புறவாசல் இல்லாத வீடுகள்

ஆச்சி வீட்டு அடுக்களையில் குப்பைக் கூடை இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம். முன்னால் தெரு, பின்னால் நீண்டு கிடக்கும் புறவாசல். அடுக்களையில் மிஞ்சியதெல்லாம் அந்தப் புறவாசலுக்குத்தான் போகும். அரிசி களைந்த தண்ணீரும் காய்கறித் தோலும் கழுநீர்த் தொட்டிக்கு. மாடு வைத்திருந்த பக்கத்து வீட்டு அக்கா வந்து மொண்டுகொண்டு போவாள். அடுப்புச் சாம்பல் பழைய தகர டப்பாவில் சேரும். தேங்காய் நார் ஒரு மூலையில், சிரட்டை இன்னொரு மூலையில். நைந்த வேட்டி முதலில் தலை துவட்ட, பிறகு சூடான பாத்திரம் இறக்க, கடைசியில் தரை துடைக்க. வீட்டுக்குள் வந்த ஒரு பொருளுக்கு அது மண்ணாகும்வரை வேலை இருந்துகொண்டே இருந்தது.

இன்றும் கண்ணுக்குள் நிற்பது புளிச்சக்கை. குழம்புக்குக் கரைத்துப் பிழிந்த புளியின் சக்கையை ஆச்சி ஒரு சிரட்டையில் சேர்த்து வைப்பாள். யாராவது அதைக் கொட்டப் போனால், "ஏட்டி, அதை அங்கன வை. சாயந்தரம் குடம் வெளக்கணும்" என்று குரல் வரும். வெயில் தாழ்ந்ததும் பித்தளைக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, சக்கையோடு கொஞ்சம் கல்லுப்பும் சாம்பலும் சேர்த்து, குடத்தின் கழுத்து மடிப்பில் கட்டைவிரலை அழுத்தி ஓட்டுவாள். விரல் போகப் போகக் கறுப்பு விலகி மஞ்சள் தெரியும். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் பித்தளையில் படிந்த களிம்பைக் கரைக்கிறது என்பதும், சாம்பலின் காரம் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து சோப்பைப் போலவே வேலை செய்கிறது என்பதும் பள்ளிக்கூடத்தில் வேதியியல் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஆச்சிக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. எது எதைப் போக்கும் என்பது மட்டும் பிசகாமல் தெரியும்.

இப்போது நான் இருப்பது சென்னையில், வேளச்சேரிப் பக்கம், அடுக்குமாடியில். விறகடுப்பு இல்லை, சாம்பல் இல்லை, புறவாசலும் இல்லை. ஆனாலும் பாத்திரம் துலக்கும்போதெல்லாம் அந்தக் குடம் நினைவுக்கு வருகிறது. தட்டை நனைக்குமுன் எண்ணெயையும் குழம்பையும் பழைய செய்தித்தாள் துண்டால் வழித்துவிட்டால் சோப்பும் தண்ணீரும் கணிசமாகக் குறைகின்றன; தொட்டிக் குழாயும் அடைத்துக்கொள்ளாது. கடையில் விற்கும் பச்சை நிற நார் பெரும்பாலும் செயற்கை இழை. தேயத் தேய அதன் துணுக்குகள் சாக்கடை வழியாகக் கடலுக்குத்தான் போகும். அதற்குப் பதில் பீர்க்கங்காய் நார். பால்கனித் தொட்டியில் படர்ந்த கொடியில் சில காய்களைப் பறிக்காமல் முற்றவிட வேண்டும். தோல் பழுப்பேறி, காயை ஆட்டினால் உள்ளே விதை சலசலக்கும். அப்போது பறித்துத் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் ஏடு ஏடாக உரிந்து வரும். விதையைத் தட்டி எடுத்துவிட்டு, நாரை வெயிலில் உலர்த்தி வேண்டிய அளவில் வெட்டிக்கொள்ளலாம். பாத்திரத்துக்கும் அதுதான், உடம்பு தேய்க்கவும் அதுதான். நைந்து போனால் மண்தொட்டிக்குள் போட்டுவிடலாம். அடுத்த கொடிக்குத் தேவையான விதையும் கையில் இருக்கும்.

பட்டுப்புடவை அலச ஆச்சி பூந்திக்கொட்டை ஊறவைப்பாள். நகைக்கும் அதே தண்ணீர். அந்தக் கொட்டையின் தோலில் உள்ள சப்போனின்தான் நுரையைத் தருகிறது. சீயக்காயிலும் இருப்பது அதுவே. கொங்குநாட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சித்தி அரப்பு கொண்டு வருவாள். உசிலமர இலையைக் காயவைத்து இடித்த பச்சைப் பொடி. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் வீடு முழுக்க அதன் வாசம்தான். சீயக்காயா, அரப்பா என்று ஆச்சியும் சித்தியும் வழக்காடுவார்கள். குளித்த தண்ணீர் எதுவானாலும் குழி வழியாக வாழைக்குத்தான் போகும். வாழை இரண்டையும் ஏற்றுக்கொண்டது.

வாழை என்றதும் தண்ணீர் நினைவு வந்துவிட்டது. தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரை அளந்து புழங்கும் பழக்கம் இருக்காது. ஆற்றில் இறங்கினால் ஆறு இருக்கும். சென்னை எனக்குக் கற்றுத் தந்தது வேறு பாடம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோயின. லாரி வரும் நேரத்தைப் பார்த்து வீட்டு வேலைகளை வகுத்துக்கொண்டோம். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. நாலு ஏரியும் கடலும் சூழ்ந்த ஊருக்கு ரயிலில் தண்ணீர்! அந்தச் செய்தியைப் படித்த எவரும் அதற்குப் பிறகு குழாயை வெறுமனே திறந்துவிட்டு நிற்க முடியாது என்று நினைத்தேன்.

அந்தக் கோடையில் எங்கள் குளியலறைக்கு ஒரு வரிசை வந்து சேர்ந்தது. துணி துவைக்கும் மிஷின் கடைசியாக வெளியேற்றும் தண்ணீர் ஒரு வாளியில்; அது தரை துடைக்கவும் கழிப்பறைக்கும். காய் கழுவிய தண்ணீர் செடிக்கு. ஷவருக்குப் பதில் வாளியும் செம்பும். வாளி என்றால் எவ்வளவு செலவாகிறது என்று கண்ணுக்குத் தெரியும், ஷவரில் தெரியாது. ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் குடிநீர் தர, இரண்டு மூன்று லிட்டரைக்கூடக் கழிவாக வெளியே தள்ளும். அதைப் பிடித்துத் தரைக்கும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளலாம். செடிக்கு மட்டும் தொடர்ந்து ஊற்றக் கூடாது, உப்பு கூடிய தண்ணீர் அது. முதலில் ஆர்.ஓ. வேண்டுமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. இயந்திரத்தைத் தடைசெய்யச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் உத்தரவிட்டது. தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு வாங்குவதுதான் முறை.

கோடை முடிந்து மழை வந்தபோது மொட்டைமாடியைப் பார்த்தோம். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003இலேயே சட்டம் வந்துவிட்டது. அதற்கு முன்பே சேகர் ராகவன் போன்றவர்கள் வீடு வீடாக ஏறி இறங்கி இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவரது முயற்சியில் 2002இல் ரெயின் சென்டர் தொடங்கப்பட்டது. கணக்கு மிக எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. 100 சதுர மீட்டர் மாடியில் விழுவது 1,40,000 லிட்டர். வழியில் ஆவியாவதும் சிந்துவதும் போக, மீதி முழுவதையும் கிணற்றுக்கோ தரைக்குள்ளோ இறக்கலாம். சட்டத்துக்காகக் குழாய் போட்ட வீடுகள் ஏராளம். ஐப்பசிக்கு முன் மாடியைக் கூட்டி, வடிகட்டித் தொட்டியின் ஜல்லியையும் மணலையும் அலசிப் போடும் வீடுகள்தான் குறைவு. முதல் மழையின் அழுக்கை வெளியே விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து உள்ளே திருப்ப வேண்டும். வேலை அவ்வளவுதான்.

மாடியிலிருந்து பார்த்தால் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்ட ஈரநிலம். குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்து இறங்கும் இடம். அதை ஒட்டித்தான் பெருங்குடி குப்பைக் கிடங்கு. வடசென்னைக்குக் கொடுங்கையூர் என்றால் தென்சென்னைக்குப் பெருங்குடி. பத்துப் பதினைந்து வருஷமாக நம் வீடுகளிலிருந்து கறுப்புக் கவரில் கட்டி இறங்கியவை, அதற்கும் முன்னால் இறங்கியவை, எல்லாம் அங்கேதான் மலையாகக் கிடந்தன. சதுப்பு நிலத்தைக் குப்பை மூடிய கதை அது. அடுக்குமாடி வீட்டுக்குப் புறவாசல் இல்லை என்று சொல்லிக்கொள்கிறோம். இருக்கிறது, அதுதான் பெருங்குடி. ஆச்சியின் புறவாசல் அவள் கண்ணெதிரே இருந்தது, ஆகவே அங்கே எது போகிறது என்று அவள் பார்த்துக்கொண்டாள். நம்முடையது கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. வித்தியாசம் முழுவதும் இந்த இடத்தில்தான் என்று நான் நம்புகிறேன்.

ஆகவே புறவாசலை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டியதாயிற்று. பால்கனி ஓரத்தில், பக்கவாட்டில் துளையிட்ட மூன்று மண்தொட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக. காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை, முட்டையோடு எல்லாம் மேல் தொட்டிக்கு. ஒவ்வொரு முறையும் அதன்மேல் ஒரு கை காய்ந்த சருகோ தேங்காய் நார்த்தூளோ. தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகும். தொட்டி நாற்றமடித்தால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள்; சருகைச் சேர்த்துக் கிளறினால் சரியாகிவிடும். எதுவும் நடக்காமல் அப்படியே கிடந்தால் ஈரம் போதவில்லை. கையை உள்ளே விட்டால் கதகதப்பாக இருக்கும், அது நல்ல அறிகுறி. இரண்டு மாத வாக்கில் கறுத்து உதிர்ந்து, மழை பெய்த மண்ணின் வாசம் வரும். சமைத்த எண்ணெய்ப் பண்டத்தையும் மீன், கறி மிச்சத்தையும் மட்டும் நான் அதில் சேர்ப்பதில்லை. எலியும் புழுவும் வரும். ஒரு குடும்பத்தின் அடுக்களைக் கழிவில் பெரும்பகுதி ஈரக் கழிவுதான். அது வீட்டிலேயே தங்கிவிட்டால், வெளியே போவது காய்ந்த, நாறாத, பிரிக்க எளிதான சிறு பொதி.

அந்தப் பொதியைக் கை தொட்டுப் பிரிக்கிற மனிதர்கள் இருக்கிறார்கள். இதை எழுதும்போது எனக்கு வேறு எதையும்விட அதுதான் முதலில் நினைவுக்கு வர வேண்டும் என்று நினைக்கிறேன். திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016 மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டிலிருந்து வரும் அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லியிருந்தன. உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றி மேலே எழுதித் தருவதும், நாப்கினைத் தனியே மடித்துச் சிவப்புக் குறி இட்டுத் தருவதும், தீர்ந்த பேட்டரியையும் காலாவதியான மாத்திரையையும் சோற்று மிச்சத்தோடு கலக்காமல் இருப்பதும் சுற்றுச்சூழலுக்கு முன்னால் அந்தத் தூய்மைப் பணியாளரின் கைக்கு நாம் செய்யும் மரியாதை.

பையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் ஊரில் கருப்பட்டி ஓலைப் பெட்டியில் வரும், பதநீர் ஓலைப் பட்டையில் வரும், இறைச்சி தேக்கிலையில் கட்டி வரும். எண்ணெய்க்குச் செக்குக்குத் தூக்குவாளி. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு மஞ்சப்பை. பிளாஸ்டிக் கவர் இலவசமாகக் கைக்கு வந்த பிறகுதான் வெறுங்கையோடு கடைக்குப் போகும் வழக்கம் வந்தது. டீயைக்கூடக் கொதிக்கக் கொதிக்கக் கவரில் கட்டி வாங்கினோம். தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடைசெய்தது. 2021 டிசம்பர் 23இல் 'மீண்டும் மஞ்சப்பை' தொடங்கப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் ஒவ்வொரு விசேஷத்திலும் ஒரு புதுத் துணிப்பையை வாங்கி வந்து அலமாரியில் அடுக்கினால் பயன் இல்லை. பருத்தி விளையவும் சாயம் ஏறவும் ஏகப்பட்ட தண்ணீர் செலவாகிறது. ஒரே பையை வருஷக்கணக்கில் கிழியும்வரை தூக்கினால்தான் அந்தச் செலவுக்கு நியாயம். எங்கள் வீட்டுப் பைகள் பழைய ஜன்னல் திரையையும் வேட்டியையும் வெட்டித் தெருமுனைத் தையல்காரர் தைத்துக் கொடுத்தவை. இரண்டு எப்போதும் வண்டிப் பெட்டியில், ஒன்று கைப்பையில், மீதி கதவுக் கொக்கியில். கதவுக் கொக்கிதான் முக்கியம். மனவுறுதியை நம்பினால் மறந்துபோகும், கொக்கியில் தொங்கினால் கைக்கு வரும்.

குமரப்பாவைப் படித்தபோது இந்த நினைவுகளெல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்தன. ஜே.சி. குமரப்பா, 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். கணக்குத் தணிக்கையும் பொருளியலும் மேல்நாட்டில் படித்துவிட்டுக் காந்தியோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்காக உழைத்தவர். கடைசிக் காலத்தில் மதுரைக்குப் பக்கத்தில் தே.கல்லுப்பட்டியில் வாழ்ந்தார். சிறையில் இருந்தபோது எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில், இயற்கை தரும் பொருள்களை இரண்டாகப் பிரிக்கிறார். எடுக்க எடுக்கக் குறையும் தேக்கம் ஒன்று: நிலக்கரி, பெட்ரோலியம், உலோகத் தாது. வளர்ந்து, ஓடி, திரும்பத் திரும்ப வரும் ஓட்டம் இன்னொன்று: ஆற்றுநீர், காட்டு மரம். தேக்கத்தை நம்பிய வாழ்க்கை சண்டையில் போய் முடியும் என்பது அவர் கருத்து. 1945இல் இதைச் சொன்ன மனிதர் நம்மூர்க்காரர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்தப் பிரிவை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தால் எதை வாங்குவது, எதை விடுவது என்று தெளிவாகிறது. பீர்க்கநார், தென்னை நார், பத்தமடைக் கோரைப் பாய், பனையோலை முறம், காருகுறிச்சி மண்பானை எல்லாம் ஓட்டத்தின் பக்கம். மண்பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துப் போகிறது. மின்சாரம் இல்லாமல் குளிர்ச்சி. பிளாஸ்டிக் டப்பா தேக்கத்தின் பக்கம். அதற்காக ஏற்கெனவே வீட்டில் இருக்கும் டப்பாக்களைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகக் கண்ணாடியும் மூங்கிலும் வாங்குவது சரியில்லை. தேக்கத்திலிருந்து எடுத்தாயிற்று, உடையும்வரை பருப்பும் பயறும் போட்டு வைப்பதுதான் அதற்குரிய மதிப்பு. பருப்பில் வண்டு வராமல் இருக்க வசம்பும் வேப்பிலையும் போதும், வருஷத்துக்கு இரண்டு வெயில் காட்டினால் இன்னும் நல்லது.

ஆச்சி காலத்தில் தெருவில் வந்த குரல்கள் எத்தனை! ஈயம் பூசுகிறவர், அம்மி கொத்துகிறவர், சாணை பிடிக்கிறவர், குடை தைக்கிறவர், பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவர். அவர்கள் எல்லாரும் பொருள்களின் ஆயுளை நீட்டியவர்கள். இன்றைக்கும் அந்த வரிசை முற்றாக அறுந்துபோகவில்லை. மிக்ஸிக்குக் காயில் சுற்றித் தருபவர் இருக்கிறார், குக்கருக்கு வாஷர் மாற்றித் தருபவர் இருக்கிறார், பழைய பேப்பர் கடை இருக்கிறது. கழுவிக் காயவைத்த பால் கவரைக்கூட அங்கே எடைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். புதிது வாங்குமுன் ஒருமுறை பழுதுபார்க்கக் கொடுப்பதை வீட்டு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். புதிது வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் கணக்குப் பார்த்து வாங்க வேண்டும். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுற்றினால் ஒரு விசிறியிலேயே தினம் அரை யூனிட் மிச்சம். ஏ.சி.யில் ஒரு டிகிரி கூட்டிவைத்தால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் குறையும் என்று எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. 24இல் வைத்து விசிறியையும் போட்டால் போதும்.

இப்படி எழுதிக்கொண்டே போனால் அந்தக் காலம் பொற்காலம் என்று தோன்றும். அப்படி இல்லை. ஆச்சியின் கண் எப்போதும் சிவந்திருந்தது ஈர விறகின் புகையால். கேஸ் அடுப்பு வந்ததும் கண்ணீர் நின்றது. அது ஒரு விடுதலை. அதை விட்டுக்கொடுக்கும்படி யாரிடமும் சொல்ல நான் தயாரில்லை. பருப்பை ஊறவைத்து, மூடி போட்டு, விசில் வந்ததும் தீயைக் குறைத்தால் கேஸும் குறையும், அவ்வளவு போதும். புளிச்சக்கையைச் சேர்த்ததும், சாம்பலைச் சலித்ததும், குடத்தை விளக்கியதும் ஆச்சிதான். தாத்தா ஒரு நாளும் விளக்கியதில்லை. அந்த வீட்டின் சிக்கனம் முழுக்க ஒரு பெண்ணின் முதுகில் ஏறி நின்றது. இன்றைக்கும் துணிப்பையை நினைவில் வைப்பது, குப்பையைப் பிரிப்பது, தொட்டியைக் கிளறுவது எல்லாம் அம்மா வேலை என்று ஆகிவிட்டால் இந்த நல்ல பழக்கங்கள் ஒரு தலைமுறைகூடத் தாங்காது.

எங்கள் வீட்டில் வேலையைப் பங்கு போட்டிருக்கிறோம். தொட்டியைக் கிளறுவது மகன் பொறுப்பு, பையும் சந்தையும் அவன் அப்பா பொறுப்பு, மொட்டைமாடி வடிகட்டி அடுக்குமாடிச் சங்கத்தின் முறை. தொடங்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எதையும் வாங்குவதற்கு முன், ஒரு வாரக் குப்பையைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். எது அதிகமாக இருக்கிறதோ அதில் தொடங்குங்கள். அந்தப் பொருள் அடுத்து எங்கே போகும், அதை யார் கொண்டுபோவார்கள் என்ற இரண்டையும் அன்றைக்கே முடிவு செய்யுங்கள். ஆளுக்கொரு வேலை என்று பெயர் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டிவிட்டால், மறுநாள் காலையிலிருந்தே அந்த வீடு மாறத் தொடங்கிவிடும்.